ஆய்த்து என்றால் எந்த ஆய்த்து?

மைசூர்த் தமிழ் நண்பர்கள் சிலர் ஆண்டுக்கொரு மலர் கொண்டுவருகிறார்கள். இந்த முறை, வேலைக்கான நேர்காணலை எதிர்கொள்வது எப்படி என்று இளைஞர்களுக்குப் பயன்படும்படி நான்கு பக்கம் எழுதித் தரவேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். "எத்தனை பேரை நீங்க இண்டர்வியூ எடுத்திருப்பீங்க மேடம், உங்களை விட்டா வேற யார்கிட்ட கேக்கறது?" என்றார் மலர்க் குழுவைச் சேர்ந்தவர். எடுத்திருக்கிறேன், உண்மைதான். பல் வைத்தியர்கூட எத்தனையோ பேருக்குப் பல்லைப் பிடுங்கியிருப்பார். அவருக்கே பல்வலி வரும்போது அந்த அனுபவம் எவ்வளவு உதவுமோ, இந்த ஓராண்டில் என் அனுபவமும் எனக்கு அவ்வளவு உதவியது.

நான் செய்த வேலைக்கு மென்பொருள் சோதனை என்று பெயர். ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் உட்கார்ந்து தட்டிப் பார்த்து, அது எங்கே உடைகிறது என்று எழுதிக் கொடுப்பது. வேலை கிடைத்த புதிதில் இதை என் அத்தைக்கு விளக்கிச் சொன்னேன். "அடுத்தவங்க செஞ்சதுல குத்தம் கண்டுபிடிக்கணும், அவ்வளவுதானே? இதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களா? எங்க மாமியாரையும் கூட்டிட்டுப் போயேன்" என்றாள் அத்தை. இதைவிடச் சரியான விளக்கத்தை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

அப்பா ரயில்வே உத்தியோகத்துக்காக மைசூருக்கு வந்தவர். நான் கணிதத்தில் பட்டம் வாங்கி, ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் சேர்ந்து, சான்றிதழோடு வெளியே வந்தேன். அந்த மையத்தில் மின்சாரம் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகம். ஆகவே பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் சோதனைப் பிரிவுக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

பிரிவின் தலைவர் சம்பத்குமார் சார், மேல்கோட்டைக்காரர். வார நாட்களில் மைசூர் விஜயநகரில் ஓர் அறை, சனிக்கிழமை மத்தியானம் மேல்கோட்டைக்கு பஸ். வீட்டில் பேசும் பழைய ஐயங்கார்த் தமிழை என்னோடும், கன்னடத்தை மற்றவர்களோடும், ஆங்கிலத்தை முதலாளியோடும் பேசுவார். கோபம் வந்தால் எந்த மொழியும் பேசமாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அந்தக் கண்ணாடி எப்போதும் பளிச்சென்று இருந்தது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

"உக்காருங்கோ" என்றார். உட்கார்ந்தேன். நாற்காலி சாய்ந்தது. படிப்பு, குடும்பம், கணக்கில் எந்தப் பகுதி பிடிக்கும் என்று நிதானமாகக் கேட்டுக்கொண்டே போனார். நான் காலை ஊன்றிச் சமாளித்தபடி பதில் சொன்னேன். கடைசியில், "உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

"கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல சார். இந்த நாற்காலி ஆடுது."

"எப்போலேர்ந்து?"

"நான் உக்காந்ததுலேர்ந்து."

"எந்தக் கால்?"

எழுந்து, நாற்காலியை ஒவ்வொரு மூலையிலும் அழுத்திப் பார்த்தேன். "பின்பக்கம் இடது கால் சார். முன்னாடி தள்ளி உக்காந்தா ஆடலை. பின்னாடி சாய்ஞ்சாத்தான் ஆடுது."

"திங்கக்கிழமை வாங்கோ" என்றார்.

அந்தக் காலைத் தச்சரை வரவழைத்துக் கொஞ்சம் இழைக்கச் சொன்னவரே அவர்தான் என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. வருகிறவர்களில் பெரும்பாலோர் மூச்சுக் காட்டாமல் ஆடிக்கொண்டே பதில் சொல்லிவிட்டு, 'தேங்க்யூ சார்' என்று போய்விடுவார்கள். "நாளைக்கு நம்ம நிரலும் இப்படித்தான் ஆடும். இவனும் ஒண்ணும் சொல்லாம ஒக்காந்துண்டு இருப்பான்" என்று அவர்களைத் தள்ளிவிடுவார். நாகராஜ் என்ற ஒருவர் மட்டும், உட்கார்ந்த வேகத்தில் எழுந்து, கையிலிருந்த தன் விண்ணப்ப நகலை நான்காக மடித்துக் காலுக்கடியில் செருகிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். சார் அவரைக் கையோடு பக்கத்து அறைக்கு அழைத்துப்போய், "இவர் சோதிக்க வேண்டாம், இங்கே நிரல் எழுதட்டும்" என்று விட்டுவந்தார். நாகராஜ் நல்ல நிரலாளர்தான். ஆனால் கடைசிவரை, காலை மாற்றாமல் காகிதம் வைக்கிறவராகவே இருந்தார்.

அந்த நாகராஜும் நானும் மாட்டிக்கொண்ட ஒரு சம்பவம் உண்டு. ரத்தப் பரிசோதனைக்குக் குப்பியில் ஒட்டும் சீட்டை அச்சடிக்கும் ஒரு நிரலை அவர் எழுதியிருந்தார். நர்ஸ் ஒரு நோயாளியின் பெயரை அடித்துச் சீட்டு எடுத்துவிட்டு, அடுத்தவர் பெயரை அடிக்கும்போது தவறிவிட்டால், பின்செல்லும் பொத்தானை அழுத்தித் திருத்துவார். அப்படித் திருத்தினால் திரையில் புதுப் பெயர் தெரியும். சீட்டில் பழைய பெயர் அச்சாகும். அதாவது இவர் ரத்தம், அவர் பெயர். அந்தக் குறையை நான் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் நாகராஜைக் கேட்டேன். "ஆய்த்து" என்றார்.

கன்னடம் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். நாம் 'ஆச்சு' என்கிறோமே, அதுதான் அங்கே 'ஆய்த்து'. மைசூர்த் தமிழர்கள் நாங்களும் அதையே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அந்தச் சொல் அங்கே வேலை முடிந்தது என்பதோடு நிற்பதில்லை. 'சரி, கேட்டுக்கொண்டேன்' என்பதற்கும் ஆய்த்துதான். 'போதும், இடத்தைக் காலி பண்ணு' என்பதற்கும் ஆய்த்துதான்.

மென்பொருள் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாள். முதலாளி சாரின் மேசைக்கே வந்து நின்றுவிட்டார். சார் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அந்தச் சீட்டு விஷயம் என்னாச்சும்மா?"

"நாகராஜ் ஆய்த்துன்னு சொல்லிட்டார் சார்."

"எந்த ஆய்த்து?"

எனக்குப் புரியவில்லை. "நீ பாத்தியா?" என்றார். இல்லை, அதைத்தான் அப்போது செய்யப் போகிறேன் என்றேன். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்க்க, பக்கத்து அறையிலிருந்து வந்து நின்ற நாகராஜ் கூரையைப் பார்க்க, நான் ஒரு பெயருக்குச் சீட்டு எடுத்து, அடுத்த பெயரைத் தவறாக அடித்து, பின்சென்று திருத்திச் சீட்டை எடுத்தேன். பழைய பெயர் வந்தது.

"ஆய்த்துன்னு சொன்னீங்களே நாகராஜ்" என்றேன்.

"கேட்டுக்கிட்டேன்ற அர்த்தத்துல சொன்னேன் மேடம்" என்றார் அவர், கொஞ்சமும் கூச்சமில்லாமல். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் பயங்கரம்.

முதலாளி சத்தம் போட்டார். சார் கண்ணாடியைத் துடைத்தார். அன்று மென்பொருள் போகவில்லை. அதன் பிறகு எங்கள் அறையில் ஆய்த்து என்ற சொல்லுக்குத் தடை வந்தது. யாராவது வாய் தவறிச் சொன்னால், "எந்த ஆய்த்து?" என்று எல்லா மூலையிலிருந்தும் குரல் வரும். கூடவே ஒரு விதி. குறையைச் சொன்னது யாரோ, அது தீர்ந்ததா என்று தன் கண்ணால் பார்த்து மூடவேண்டியதும் அவர்தான். செய்தவர் மூடக்கூடாது, மேலதிகாரி மூடக்கூடாது, சார் உட்பட. "நீ சொன்னே, நீ பாரு. உனக்காக நான் பாக்க முடியாது" என்பார்.

சார் ஓய்வு பெற்று மேல்கோட்டைக்கே போனபோது, பிரிவும் நாற்காலியும் எனக்கு வந்தன. அதில் உட்கார வந்தவர்களில் ஒருவன் கிரண். நாற்காலி சாய்ந்ததும் எழுந்து, அதைப் புரட்டிப் பார்த்து, "இது தேய்ஞ்சதில்ல மேடம், இழைச்சிருக்கு. வேணும்னே வெச்சிருக்கீங்களா?" என்றான். அவனை அங்கேயே எடுத்துக்கொண்டேன்.

பிறகு எங்களை ஒரு பெரிய கம்பெனி வாங்கியது. அதன் பிறகு, நாங்கள் உட்கார்ந்து தட்டிப் பார்த்ததைத் தானே தட்டிப் பார்க்கும் கருவிகள் வந்தன. சோதனைப் பிரிவில் இருப்பவர்கள் எல்லோரும் தங்கள் வேலைக்குத் தாங்களே நேர்காணலுக்கு வரவேண்டும் என்று ஒருநாள் அறிவித்தார்கள். என்னை நேர்காணல் செய்தவன், அதற்குள் புதுக் கம்பெனியில் மேலே போயிருந்த கிரண். நேர்த்தியான அறை, தண்ணீர்ப் பாட்டில், குளிரூட்டி. "சும்மா ஃபார்மாலிட்டிதான் மேடம், உக்காருங்க" என்றான். உட்கார்ந்தேன். நாற்காலி ஆடவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. ஆடாத நாற்காலி என்றால், இவர்களுக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்பது தேவைப்படவில்லை. அந்த மாதமே விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தேன். விருப்பம் என்ற சொல்லுக்கும் எத்தனை அர்த்தமோ.

இத்தோடு என் கதை முடிந்திருந்தால் மலர்க் குழு கேட்டதை எழுதிக் கொடுத்திருப்பேன். ஆனால் என் மகள் மேகனா, பொறியியல் முடித்துவிட்டு, சோதனைப் பொறியாளர் வேலைக்குத்தான் போவேன் என்று நின்றாள்.

"வேண்டாம்டி. அந்த வேலையே போயிட்டிருக்கு. என்னைப் பாத்துமா?"

"உன்னைப் பாத்துதாம்மா" என்றாள். அவளுக்குத் தமிழைவிடக் கன்னடம்தான் நன்றாக வரும். அதனால் எதிர்த்துப் பேசும்போது சுருக்கமாக முடித்துவிடுவாள்.

ஒவ்வொரு கம்பெனியாக விண்ணப்பித்தாள். சிலர் பதிலே போடவில்லை. சிலர் முதல் சுற்றோடு நிறுத்தினார்கள். தோழிகள் ஒவ்வொருவராகப் பெங்களூருக்குப் பெட்டி கட்டினார்கள். நான் இவள் முகத்தைப் பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டு வீட்டில் நடமாடினேன். என் பெயர் சாந்தி. பெயர் வைத்தவர்கள் சோதிக்காமலே வைத்துவிட்டார்கள்.

இப்போது முதல் சுற்று நேர்காணலை மனிதர்கள் செய்வதில்லை. ஓர் இயந்திரக் குரல் கேட்கிறது, கேமரா பார்க்கிறது. அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது, கண் திரையை விட்டு நகரக்கூடாது. அன்று காலை நான் குக்கர் வைக்கவில்லை, அழைப்பு மணியின் வயரைப் பிடுங்கிவிட்டேன், தபால்காரர் வந்தால் தட்டாமலிருக்க வாசலில் நாற்காலி போட்டு என் கணவரை உட்காரவைத்தேன். "நீயும் வெளியில வந்து உக்காரு, சாந்தி" என்றார் அவர். கேட்டிருக்கலாம். நான் மேகனாவின் அறைக்கு வெளியே, கதவோரம் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு குரல் ஒரு கேள்வியைக் கேட்டு நான்கு விடைகளை வாசித்தது. நான்கும் தவறு. இருபது ஆண்டுகளுக்கு மேல் குறை பார்த்த காது, கேட்டதும் தெரிந்துவிட்டது. உள்ளே மேகனா தயங்குவதும் தெரிந்தது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. உட்கார்ந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்தேன், அவ்வளவுதான். கதவிடுக்கில் என் நிழல் அசைந்திருக்க வேண்டும். அவள் திரும்பிப் பார்த்தாள். "உங்கள் பார்வை திரையை விட்டு விலகியுள்ளது" என்று குரல் மிக மரியாதையாக ஆங்கிலத்தில் சொன்னது. மறுபடி சொன்னது. பிறகு நன்றி சொன்னது. திரை அணைந்தது.

மேகனா அழவில்லை. வெளியே வந்து, தரையில் இருந்த என்னைப் பார்த்து, "நாலுமே தப்பு, இல்லம்மா?" என்றாள்.

"தப்புதான்."

"நானும் அதான் நெனச்சேன். பர்வாயில்ல, சும்மனே உக்காந்திருக்காதே, எழுந்திரு" என்று கை கொடுத்தாள். அந்த இயந்திரக் குரல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. வீட்டில் யாராவது பின்னாலிருந்து மெதுவாகப் பேசினால்கூடத் தூக்கிவாரிப் போடுகிறது.

இதற்குச் சில வாரங்கள் கழித்து, மைசூரிலேயே ஹெப்பாள் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியிலிருந்து நேரில் வரச்சொல்லி அழைப்பு வந்தது. மனிதர்கள் கேட்பார்கள் என்றதும் எனக்கு அது பாதி வேலை கிடைத்த மாதிரி. ஸ்கூட்டரில் நானே கொண்டுபோய் விட்டேன். வாசலில் மட்டும் நின்றுகொள்வதாகத்தான் ஒப்பந்தம். ஆனால் வெயிலைப் பார்த்துவிட்டுக் காவலாளி, "ஒளகட கூத்கொள்ளி மேடம்" என்று உள்ளே உட்காரச் சொன்னார்.

உள்ளே போகிறவர்கள் எல்லோரும் வரவேற்பறையில் இருந்த ஓர் இயந்திரத்தில் பெயரை அடிக்கவேண்டும். அது முகத்தைப் படம்பிடித்து, பெயரும் படமும் உள்ள ஒரு வில்லையை அச்சடித்துத் தரும். சட்டையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். முதலில் மேகனா எடுத்துக்கொண்டாள். அடுத்து நான் என் பெயரை ஆங்கிலத்தில் அடித்தேன், ஓர் எழுத்து விட்டுப்போயிற்று. பின்செல்லும் பொத்தானை அழுத்தித் திருத்தினேன். வில்லை வந்தது. சாந்தி என்று போட்டிருந்தது. மேலே மேகனாவின் முகம்.

காவலாளி அதைப் பார்க்கவேயில்லை. "ஹோகி மேடம்" என்று உள்ளே போகக் கைகாட்டினார்.

மேகனா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அம்மா, நீ ரொம்ப நல்லா இருக்கே இதுல" என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, இயந்திரத்திடம் போய், என்னையும் மாற்றி மாற்றி நிற்கவைத்து மறுபடி செய்துபார்த்தாள். பின்செல்லாமல் அடித்தால் சரியாக வந்தது. பின்சென்றால் முந்தைய ஆளின் முகம் வந்தது. இவர் ரத்தம், அவர் பெயர். நாகராஜ் இப்போது எங்கே இருக்கிறாரோ என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள். நேராக ஸ்கூட்டருக்கு நடந்தாள்.

"என்ன கேட்டாங்க?"

"எல்லாம் கேட்டாங்க. சொன்னேன். கடைசியில நீங்க ஏதாவது கேக்கணுமான்னாங்க."

"நீ என்ன சொன்னே?"

"உங்க வாசல்ல இருக்கற மெஷின் எங்க அம்மாவுக்கு என் மூஞ்சியைப் போட்டுக் குடுத்துச்சுன்னு சொன்னேன். எப்படிப் பண்ணா வருதுன்னும் சொன்னேன்." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே தொடர்ந்தாள். "அந்த மெஷின் அவங்களே செஞ்சு விக்கறதாம்மா. எனக்குத் தெரியாது. ஒருத்தர் சிரிச்சார். ஒருத்தர் போனைப் பாத்தார். நடுவுல இருந்தவர் ஆய்த்துன்னார்."

"எந்த ஆய்த்து?"

"ஆய்த்துன்னா ஆய்த்து அம்மா. அஷ்டே." அவ்வளவுதானாம்.

அவளுக்கு சம்பத்குமார் சாரைப் பற்றியோ, நாற்காலியைப் பற்றியோ, தடையைப் பற்றியோ நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் பழைய பெருமை பேசுகிறேன் என்று நினைப்பாளோ என்ற தயக்கம். சொல்லாமலே அவளும் நாற்காலி ஆடுகிறது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அந்த அறையில் சார் இருந்திருந்தால் திங்கட்கிழமை வரச்சொல்லியிருப்பார். அந்த அறையில் அவர் இல்லை.

திங்கட்கிழமை ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த திங்கட்கிழமையும் வரவில்லை. மேகனாவின் போன் ஒலித்தால் என் கையிலிருப்பது கீழே விழுந்தது. அந்த ஆய்த்தின் அர்த்தம் முதலாவதா, இரண்டாவதா, மூன்றாவதா என்று நான் மனதுக்குள் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். கடைசியில் தாங்கமுடியாமல், அவளிடம் காய்கறி வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு, ஹெப்பாளுக்கே போனேன். அன்று வாங்கிய வில்லையைத் திருப்பித் தர மறந்துவிட்டேன் என்பது சாக்கு. காகித வில்லையை யாரும் திருப்பிக் கேட்பதில்லை என்பது எனக்கும் தெரியும், காவலாளிக்கும் தெரியும். அவர் இரக்கப்பட்டு வாங்கிக்கொண்டார்.

"மிஷின் நல்லா வேலை செய்யுதா?" என்றேன்.

"ரெடி ஆய்த்து மேடம். மொன்னே பந்து மாடிதரு" என்றார். முந்தாநாள் வந்து சரிசெய்துவிட்டார்களாம்.

நான் கேட்காமலே இயந்திரத்தின் முன்னால் போய் நின்று, ஓர் எழுத்தை விட்டு என் பெயரை அடித்து, பின்சென்று திருத்தினேன். வில்லை வந்தது. இந்த முறை என் பெயருக்கு மேல் என் முகமே இருந்தது. நெற்றியைச் சுருக்கி, வாயை இறுக்கி, எதையோ எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒரு வயதான பெண்ணின் முகம். சரியான முடிவுதான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்ததும் மேகனா காய்கறிப் பையைப் பார்த்தாள். அது காலியாக இருந்தது.

"எங்கம்மா போனே?"

சொன்னேன். அவள் பையை மடித்து வைத்துவிட்டு, "அவங்க மெயில் போன வாரமே வந்துடுச்சும்மா. வேண்டாம்னுட்டாங்க" என்றாள்.

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ தூங்கமாட்டே."

"சொல்லாமலும் தூங்கல."

"தெரியும். நானும் தூங்கல" என்றாள். பிறகு நான், ஏதாவது சொல்லவேண்டுமே என்பதற்காக, "ஆனா அந்த மெஷினைச் சரி பண்ணிட்டாங்க. நான் என் கண்ணால பாத்தேன்" என்றேன்.

மேகனா நிமிர்ந்தாள். "பின்னாடி போய்ப் பாத்தியா?"

"போய்ப் பாத்தேன். என் மூஞ்சிதான் வந்தது."

"நீ பாத்தா எப்படிம்மா?" என்றாள். "சொன்னது நான். நான்தானே பாக்கணும்."

இதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள், ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். வேலை கொடுக்காத இடத்துக்கு எதற்குப் போகிறாய் என்று கேட்கவேண்டிய தாய், ஒன்றும் கேட்காமல் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

காவலாளி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "யாரன்ன நோட்பேகு?" என்றார். யாரைப் பார்க்கவேண்டும் என்று.

"யாரையும் இல்ல அண்ணா. இதை" என்று மேகனா இயந்திரத்தைக் காட்டினாள். ஒவ்வொரு முறையும் முதலில் என்னை ஒரு வில்லை எடுக்கச் சொல்லிவிட்டு, ஒருமுறை சரியாக அடித்தாள், ஒருமுறை தவறாக அடித்துத் திருத்தினாள், ஒருமுறை என் பெயரை அடித்துப் பாதியில் அழித்துவிட்டு அவள் பெயரை அடித்தாள். அது எனக்கே தோன்றவில்லை. அவளுடைய ஒவ்வொரு வில்லையிலும் அவளே இருந்தாள். கடைசி வில்லையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"ஆய்த்து" என்றாள்.

எந்த ஆய்த்து என்று கேட்க வாயைத் திறந்தேன். அவள் ஏற்கனவே ஸ்கூட்டரை நிமிர்த்தி, வியாழக்கிழமை இன்னொரு கம்பெனியில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தோளுக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தாள்.